முதல் சுற்றில் எடுத்த வீரர் ஓயாமல் அடிபட்டால் ரசிகர் யார்மேல் கோபப்படுவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணி டிராஃப்டின், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியின், முதல் சுற்றில், அதுவும் முதல் பத்து இடங்களுக்குள், ஒரு பையனை எடுத்தது. இது அவருக்கு மூன்றாவது சீசன். ஆடிய ஆட்டங்களைவிட வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டங்கள்தான் அதிகம். "அப்பளம் மாதிரி நொறுங்குகிறான். சிலருக்கு உடம்பே இப்படித்தானா? எடுப்பதற்கு முன்னால் டாக்டர்கள் பார்த்தார்களே, அவர்களுக்குத் தெரியாதா? அடிபட்டவன்மேல் கோபப்படுவது தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், ஆசையாக வாங்கிக் கொடுத்த ஜெர்சியை மகன் இப்போது போட மாட்டேன் என்கிறான் என்றும் ஒரு வரி. எனக்கு என்னவோ அந்தக் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாகப் படுகிறது. நம்பியதற்கு ஏமாற்றம்தானா என்று கேட்கிறீர்கள்.

நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். சிகாகோ பக்கம் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வீரர்கள். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் ஆடும் வீரர் யாருக்கும் நான் சிகிச்சை கொடுத்ததில்லை, அவர்களுடைய மருத்துவக் கோப்பைப் பார்த்ததும் இல்லை. நீங்கள் அந்த வீரர் யார் என்று பெயர் சொல்லாததும் நல்லதாகப் போயிற்று. இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரின் முழங்காலைப் பற்றி டிவியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. அதனால் முடிந்துபோன, எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையை வைத்துப் பேசுகிறேன். எங்கள் ஊர் சிகாகோ பேர்ஸ் அணியின் கெவின் வைட் கதை.

2014 சீசனில் பேர்ஸ் ஐந்து வெற்றி, பதினோரு தோல்வி. மோசமாகத் தோற்ற அணிகளுக்குத்தான் டிராஃப்டில் முன்வரிசை கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, முதல் பத்துக்குள் கிடைக்கும் இடம் என்பது ஒரு வருடம் முழுக்க ரசிகர் பட்ட வேதனைக்குக் கிடைக்கும் நஷ்டஈடு மாதிரி. நீங்கள் விலையை முன்பே கொடுத்துவிட்டீர்கள். குளிரில் நின்று, தோற்றுக்கொண்டே இருந்த அணியைப் பார்த்து, டிசம்பர் மாதத்தை அப்படியே தொலைத்து. கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது. இதை யாரும் உங்களிடம் சின்ன விஷயம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

2015 டிராஃப்ட் சிகாகோவிலேயே நடந்தது. ரயன் பேஸ் என்ற புது ஜெனரல் மேனேஜருக்கு அதுதான் முதல் டிராஃப்ட். பிராண்டன் மார்ஷலை ஜெட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டதால் எறியும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரரான வைட் ரிசீவர் இடம் காலியாக இருந்தது. ஏழாவது இடத்தில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கெவின் வைட்டை எடுத்தார்கள். ஆறடி மூன்று அங்குலம், 215 பவுண்டு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு நாற்பது கஜத்தை 4.35 விநாடியில் ஓடியவர். கல்லூரியில் கடைசி வருடம் 109 பந்து பிடித்து 1,447 கஜம் எடுத்தவர். அன்றைக்கு அதைத் தப்பான தேர்வு என்று சொன்னவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். நானும் சந்தோஷப்பட்டவன்தான்.

அப்புறம் நடந்தது இது. ஜூலை கடைசியில் முகாம் தொடங்கியபோதே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று ஒதுக்கி வைத்தார்கள். ஆகஸ்ட் நடுவில், கீழ்க்காலின் பெரிய எலும்பான இடது டிபியாவில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது தொடர்ந்த பாரத்தால் விழும் விரிசல், என்று அறிவித்தார்கள். அறுவை சிகிச்சை செய்து எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். 2015 முழுக்கப் போயிற்று. 2016இல் நான்கு ஆட்டம் ஆடினார், 19 பந்து பிடித்தார், நான்காவது ஆட்டத்தில் அதே இடது காலில் டிபியாவை ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பு முறிந்தது. 2017இல் முதல் ஆட்டத்திலேயே, அட்லாண்டாவுக்கு எதிராக, தோள்பட்டைத் தகடு உடைந்தது. 2018இல் உடம்பு சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்பது ஆட்டத்தில்தான் களமிறக்கினார்கள், நான்கு பந்துதான் பிடித்தார். நான்கு வருடம், அறுபத்து நான்கு ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. ஆடியது பதினான்கு. பிடித்தது 25 பந்து, 285 கஜம், பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தத் தொகை சுமார் 1 கோடியே 65 லட்சம் டாலர்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. சிலருக்கு உடம்பே அப்படியா?

ரசிகர்கள் "இஞ்சுரி புரோன்", அதாவது எளிதில் அடிபடுகிறவர், என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். என் தொழிலில் அந்த வார்த்தையைக் கேட்டதும் எந்தக் காயம் என்றுதான் முதலில் கேட்போம். வைட்டுக்கு வந்த மூன்றும் மூன்று சாதிக் காயங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்க முடியாது.

முதலாவது, டிபியா. இது ஒரு அடியில் உடைவது இல்லை. எலும்பு உயிருள்ள பொருள். நீங்கள் ஓட ஓட, அது தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், கரைப்பது சீக்கிரம் நடக்கும், கட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பாரத்தைத் திடீரென்று கூட்டி, ஓய்வும் கொடுக்காவிட்டால், கட்டும் வேலை பின்தங்கி மெல்லிய விரிசல் விழும். முன்பக்க டிபியா இன்னும் மோசம். ஓடும்போது அந்தப் பக்கம் இழுபட்டுக்கொண்டே இருப்பதால் விரிசல் சீக்கிரம் கூடாது. அதனால்தான் கம்பி வைப்பது. இதுவரை சொன்னது உறுதியான அறிவு, பாடப்புத்தகத்தில் இருப்பது.

அவருக்கு ஏன் வந்தது என்பது வேறு கதை. அதில் என்னால் ஊகம்தான் சொல்ல முடியும். டிராஃப்டுக்குப் போகும் ஒரு வீரரின் காலண்டரைப் பாருங்கள். கல்லூரி சீசன் ஜனவரி வாக்கில் முடிகிறது. உடனே ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, நாற்பது கஜ ஓட்டத்துக்காகவே உடம்பைத் தீட்டுகிறார். பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற பரிசோதனை முகாம். மார்ச்சில் கல்லூரியில் இன்னொரு ஓட்டம். ஏப்ரலில் ஒவ்வோர் அணியாகப் போய் வருகிறார். மே மாதம் புதுமுக முகாம், அப்புறம் ஜூன் பயிற்சி, ஜூலையில் பெரிய முகாம். ஏறக்குறைய பன்னிரண்டு மாதம், சீசனுக்கு நடுவில் எலும்புக்கு மூச்சு விட நேரமே கிடைப்பதில்லை. இந்த ஓட்டம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அதே காலண்டரில் ஓடிய மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் என்னிடம் வரும் கல்லூரிப் பிள்ளைகளின் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்களில் பாதிக்கு மேல், முந்தைய எட்டு வாரத்தில் ஓட்டத்தின் அளவோ வேகமோ திடீரென்று ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஃபிபுலா. கால் மாட்டிக்கொண்டு முறுக்கப்பட்டால் எந்த ஆரோக்கியமான காலும் உடையும். முதல் காயத்தால் அந்தக் கால் பலவீனமாக இருந்ததா, ஓடும் விதம் மாறியிருந்ததா, ஒரு வருடம் ஆடாததால் தப்பிக்கும் அனிச்சை மந்தமாகிவிட்டதா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வீடியோ போதாது.

மூன்றாவது, தோள்பட்டைத் தகடு. முதுகின் மேல்பகுதியில் தசைக்குள் புதைந்து கிடக்கும் எலும்பு அது. கார் விபத்தில் பார்க்கிற காயம். பலமாக விழுந்தாலோ மோதினாலோ தவிர உடையாது. அதற்கும் டிபியாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதை வைத்து அந்த மனிதரின் உடம்பை மட்டம் தட்டுவது நியாயமே இல்லை. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில காயங்கள் உண்மையிலேயே திரும்பத் திரும்ப வரும். தொடையின் பின்பக்கத் தசை, ஹாம்ஸ்ட்ரிங், அதில் முதல் இடம். மறுபடி வருமா என்பதைச் சொல்லும் அறிகுறிகளிலேயே பலமானது, முன்பு ஒருமுறை வந்திருக்கிறதா என்பதுதான். முழங்கால் ஜவ்வு, அதாவது ஏசிஎல், கிழிந்து சரிசெய்துகொண்டு இளம் வயதில் மறுபடி வெட்டி ஓடும் ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்கு, ஒருபோதும் கிழியாதவர்களைவிட ஆபத்து அதிகம். அதே காலில் வரலாம், எதிர்க்காலிலும் வரலாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஒருமுறை வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே உங்கள் வீரருக்கு மூன்று சீசனும் ஒரே ஹாம்ஸ்ட்ரிங் என்றால் நான் கவலைப்படுவேன். ஒரு வருடம் கணுக்கால், ஒரு வருடம் விரல், ஒரு வருடம் விலா என்றால் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரசிகர்கள் யோசிக்காதது இது. ஒரு பேச்சுக்கு, ஒரு வீரர் எந்த வருடமானாலும் காயத்தால் சீசனின் பெரும்பகுதியை இழக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண், அளந்த எண் இல்லை. மூன்று வருடமும் தொடர்ந்து இழக்க வாய்ப்பு 125இல் ஒன்று. முதல் சுற்றில் வருடத்துக்கு 32 பேர். அப்படியானால், எல்லாருடைய உடம்பும் ஒரே மாதிரி உறுதியாக இருந்தாலும்கூட, நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு முதல் சுற்று வீரர் மூன்று சீசனை அப்படியே தொலைத்திருப்பார். எலும்பில் குறையே இல்லாமல், வெறும் துரதிர்ஷ்டத்தால். அந்த ஒருவரைப் பார்த்துத்தான் நாம் "ராசியில்லாதவன், உடம்பே சரியில்லை" என்போம். யாரோ ஒருவருக்கு அந்தச் சீட்டு விழுந்தே தீரும். அது உங்கள் அணிக்கு விழுந்திருக்கலாம்.

மாத்யூ ஸ்டாஃபர்டை நினைத்துப் பாருங்கள். 2009இல் டெட்ராய்ட் லயன்ஸ் முதல் இடத்தில் எடுத்தது. முதல் வருடம் பத்து ஆட்டம், அடுத்த வருடம் மூன்றே ஆட்டம், தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. முப்பத்திரண்டில் பதின்மூன்று. கண்ணாடிப் பொம்மை என்று முத்திரை குத்தியாகிவிட்டது. அப்புறம் 2011 முதல் 2019 நடுவரை தொடர்ந்து 136 ஆட்டம், ஒன்றுகூட விடாமல் ஆடினார். பிறகு ராம்ஸ் அணியில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஜெயித்தார். முதல் இரண்டு வருடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் எல்லாரும் தோற்றுப் போனார்கள். எல்லாரும் ஸ்டாஃபர்ட் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு வருடக் கணக்கு எவ்வளவு சின்னது என்று காட்டத்தான் சொன்னேன்.

டாக்டர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்பைன் என்பதைக் கேமரா முன்னால் ஓடிக் காட்டும் நிகழ்ச்சி என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தொடங்கியதே மருத்துவப் பரிசோதனைக்காகத்தான். ஒவ்வோர் அணியும் தனித்தனியாக வீரர்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்தால் செலவும் அலைச்சலும் அதிகம் என்று, 1982இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் ஒரே இடத்தில் கூட்டினார்கள். 1987 முதல் இண்டியானாபொலிஸ். இன்றும் முன்னூறுக்கும் மேற்பட்டவர்களை அங்கே அணி மருத்துவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்து இழுத்து, மடக்கி, எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள். பழைய காயம் எதையும் அங்கே மறைப்பது சிரமம். ஜவ்வு தளர்ந்திருக்கிறதா, குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதா என்பதை நன்றாகவே கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் அவர்கள் பார்ப்பது அன்றைய உடம்பை. பிப்ரவரியில் நல்லாயிருந்த எலும்பு ஜூலையில் விரிசல் விடலாம். அந்த விரிசல்கூட ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாது. நாளைக்கு யார் காலில் யார் விழுவார் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. ஒரு டாக்டரால் "இந்த முழங்கால் ஐந்து வருடம் தாங்குவது கஷ்டம்" என்று ஓரளவுக்குச் சொல்ல முடியும். "இவர் அடிபட மாட்டார்" என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இதற்கு 2015 டிராஃப்டைவிட நல்ல சாட்சி இல்லை. மூன்றாவது இடத்தில் ஜாக்ஸன்வில் எடுத்த டான்டே ஃபவுலர், புதுமுக முகாமின் முதல் நாளிலேயே ஏசிஎல் கிழிந்து அந்த வருடம் முழுக்க வெளியே. ஏழாவது இடத்தில் வைட். பத்தாவது இடத்தில் ராம்ஸ் எடுத்தது டாட் கர்லியை. கர்லிக்கு ஐந்தரை மாதம் முன்னால்தான், கல்லூரியில், ஏசிஎல் கிழிந்திருந்தது. ஊரறிந்த காயம். எல்லா டாக்டரும் பார்த்த முழங்கால். பயந்தவர்கள் பயந்தார்கள். ராம்ஸ் எடுத்தது. அவர் அந்த வருடமே 1,106 கஜம் ஓடி, தாக்குதல் பிரிவில் சிறந்த புதுமுகம் ஆனார். 2017இல் லீக்கின் சிறந்த தாக்குதல் வீரர். 2018இல் 21 டச்டவுன். அதற்கப்புறம் அதே முழங்கால் அவரைக் கைவிட்டது. 2020 சீசனோடு அவர் ஆட்டமே முடிந்தது. முழங்காலைப் பார்த்துப் பயந்தவர்கள் சொன்னதும் நடந்தது, துணிந்து எடுத்தவர்களுக்கு அதற்கு முன்பே பலனும் கிடைத்துவிட்டது. சுத்தமான உடம்பு என்று வைட்டை எடுத்த பேர்ஸுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை.

2005இல் ஃபிராங்க் கோர் கல்லூரியில் இரண்டு முழங்காலிலும் ஏசிஎல் கிழிந்தவர் என்பதால் மூன்றாம் சுற்றுவரை, 65ஆவது இடம்வரை, யாரும் தொடவில்லை. பதினாறு சீசன் ஆடினார். சரியாக 16,000 கஜம் ஓடி வரலாற்றில் மூன்றாம் இடத்தில் நிற்கிறார். இன்றைக்கும் கோரின் முழங்கால்களை என்னால் முழுதாக விளக்க முடியாது. விளக்கம் இருப்பதாகப் பேசுகிறவர்களிடமும் ஒரு கேள்வி கேட்டால் தடுமாறிவிடுவார்கள்.

அடுத்து, கோபம். அடிபட்டவன்மேல் கோபப்படுவது தப்பா என்று கேட்டீர்கள். நான் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன், ஏனென்றால் காலையில் அடிபட்ட பிள்ளைகளோடு வேலை செய்துவிட்டு மாலையில் வைட்டைப் பற்றி அலுத்துக்கொண்ட ஆள் நானும்தான்.

சிகாகோ ரசிகர்கள் காயத்தை மன்னிக்காதவர்கள் என்று சொல்ல முடியாது. கேல் சேயர்ஸைப் பாருங்கள். 1965 டிராஃப்டில் நான்காவது இடம். முதல் வருடமே 22 டச்டவுன், அதில் ஆறு ஒரே ஆட்டத்தில், சேற்றில். 1968இல் வலது முழங்கால் போனது. இன்றைய மாதிரி சின்னத் துளை போட்டுச் செய்யும் சிகிச்சை அன்றைக்குக் கிடையாது, முழங்காலைத் திறந்துதான் தைத்தார்கள். அடுத்த வருடமே வந்து 1,032 கஜம் ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார். 1970இல் இன்னொரு முழங்கால். மொத்தம் 68 ஆட்டம்தான். 34 வயதில், ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். சிகாகோவில் இன்றும் அவர் பெயரைச் சொல்லும்போது வயதானவர்கள் குரல் மாறும். யாரும் அவரை "இஞ்சுரி புரோன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சேயர்ஸுக்கும் வைட்டுக்கும் என்ன வித்தியாசம்? திறமையில் பெரிய வித்தியாசம் இருந்திருக்கலாம், அதை நாம் பார்க்கும் வாய்ப்பே வரவில்லை. எனக்குத் தெரிந்து கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வரிசைதான். சேயர்ஸ் முதலில் கொடுத்தார், அப்புறம் அடிபட்டார். வைட் முதலில் அடிபட்டார். சந்தோஷம் முன்னால் வந்து காயம் பின்னால் வந்தால் அதை நாம் சோகம் என்கிறோம். காயம் முன்னால் வந்துவிட்டால் மோசடி என்கிறோம். அந்த மனிதரின் எலும்புக்கு இந்த வரிசை தெரியாது. உங்கள் மகன் ஜெர்சியைக் கழற்றி வைத்ததற்குக் காரணம் காயம் என்று நான் நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்க ஒரு நல்ல ஆட்டம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. அதை அவனிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

"சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான்" என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், ஏசிஎல் கிழிந்திருந்தது. பள்ளிக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு வருவான். ஒரே காலில் உட்கார்ந்து எழுவது, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மாதக்கணக்கில். ஏழாவது மாதம் அவன் அணி பிளே ஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குப் போனது. அனுப்ப முடியாது என்றேன். ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி கிழியும் ஆபத்தைக் குறைக்கிறது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அவன் மேசையில் உட்கார்ந்து அழுதான். வலி ஒன்றும் இல்லை. பள்ளியில் யாரோ "இன்னுமா நொண்டுகிறாய்" என்று கேட்டுவிட்டார்கள். மறுவாழ்வுப் பயிற்சி என்பது ஆட்டத்தைவிடத் தனிமையானது. கைதட்ட யாரும் இருக்க மாட்டார்கள். சம்பளம் எத்தனை கோடியானாலும் அந்த அறையில் அது உதவுவதில்லை.

அந்தப் பேச்சினால் நிஜமான கெடுதலும் உண்டு. விலை அதிகம் கொடுத்து எடுத்த வீரரைச் சீக்கிரம் களமிறக்க வேண்டும் என்ற நெருக்கடி அணியைச் சும்மா விடாது. வாஷிங்டன் அணி 2012 டிராஃப்டில் இரண்டாம் இடத்துக்கு ஏறி ராபர்ட் கிரிஃபினை எடுப்பதற்காக மூன்று முதல் சுற்று இடங்களையும் ஓர் இரண்டாம் சுற்று இடத்தையும் கொடுத்தது. அந்த டிசம்பரில் அவர் முழங்கால் சுளுக்கிக்கொண்டது. ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆடினார். 2013 ஜனவரி 6, சியாட்டிலுக்கு எதிரான பிளே ஆஃபில், நொண்டிக்கொண்டே ஆடியதை நாடே பார்த்தது. நான்காம் கால்பகுதியில் முழங்கால் மடங்கியது. இரண்டு ஜவ்வு கிழிந்தது. அவர் பழைய ஓட்டத்துக்குத் திரும்பவே இல்லை. ரசிகர் கத்தியதால்தான் ஆடவைத்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, அவருக்கே ஆடவேண்டும் என்ற வெறி இருந்தது. ஆனால் கொடுத்த விலை எல்லார் தோளிலும் உட்கார்ந்திருந்தது என்று நினைக்கிறேன்.

வைட் விஷயத்தில் நியாயமான கோபத்துக்கும் இடம் உண்டு. முதல் முகாமில் என்ன காயம் என்று அணி தெளிவாகச் சொல்வதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. அதைக் கேட்க ரசிகருக்கு உரிமை இருக்கிறது. 2018இல் அவர் நலமாக இருந்தும் உட்காரவைக்கப்பட்டார் என்பதையும் மறைக்கக்கூடாது, அந்த வருடத்தைக் காயத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அதிலும் ஒன்று யோசியுங்கள். ரிசீவர் என்பவர் ஓடும் பாதையை நுணுக்கமாக வெட்டவும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கோடு கண்ணால் பேசவும் கற்றுக்கொள்வது ஆட்டத்தில்தான். முதல் மூன்று வருடத்தில் ஐந்தே ஆட்டம் ஆடியவர் நான்காம் வருடத்தில் கிட்டத்தட்டப் புதுமுகமாகத்தான் நின்றார், ஆனால் அவரை அளந்தது நான்காம் வருட வீரருக்கான அளவுகோல். காயம் எடுத்துக்கொண்டது எலும்பை மட்டுமில்லை. வேகத்தைப் பயிற்சியில் மீட்கலாம், இழந்த பாடத்தை அப்படி மீட்பது கஷ்டம். அவர் அதற்கப்புறமும் விடாமல், 2020இல் சான் பிரான்சிஸ்கோ, அடுத்து நியூ ஆர்லியன்ஸ் என்று இடம் தேடி ஆடிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் பலருக்குச் சொல்ல ஆசை.

உங்கள் வீரர் விஷயத்தில் நான் என்ன பார்ப்பேன் என்று கேட்டால், புதன் முதல் வெள்ளிவரை வரும் காயப் பட்டியலைப் பார்ப்பேன். அதே இடத்துப் பெயர் திரும்ப வருகிறதா? தசையா, எலும்பா, ஜவ்வா? மோதியதால் வந்ததா, யாரும் தொடாமல் ஓடும்போது வந்ததா? யாரும் தொடாமல் அதே தசை மூன்றாம் முறை என்றால் உங்கள் சந்தேகத்தில் அர்த்தம் இருக்கிறது. அடுத்தவர் விழுந்து உடைந்தது என்றால் அந்தக் கணக்கை அவர்மேல் எழுதாதீர்கள். திரும்பி வந்ததும் முதல் மூன்று, நான்கு ஆட்டத்தில் தடுமாறுவார். அது இயல்பு. கால் ஆறின பிறகும் அதை நம்பி ஊன்ற மனசுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். ஐந்தாவது ஆட்டத்துக்கு அப்புறம் பாருங்கள், பந்தைப் பிடித்தவுடன் இரண்டு பக்கமும் ஒரே துணிச்சலோடு வெட்டித் திரும்புகிறாரா, ஒரு காலை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறாரா என்று. நான் ஸ்கோரைவிட அதைத்தான் பார்ப்பேன்.

ஜெர்சி விஷயம். மகனை வற்புறுத்த வேண்டாம். ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம், அலமாரியில் மடித்து வையுங்கள். என்னிடம் வைட்டின் 13ஆம் எண் ஜெர்சி ஒன்று இன்னும் இருக்கிறது. வீட்டில் யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. உங்கள் வீரர் அடுத்து களமிறங்கும் ஞாயிற்றுக்கிழமை மகனோடு சேர்ந்து உட்கார்ந்து, அந்த இரண்டு கால்களையும் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள், எந்தக் காயம் என்றும் சேர்த்துச் சொன்னால் இன்னும் துல்லியமாகப் பதில் சொல்ல முடியும்.